ஆல்வினா கழற்றி வைத்த வீடு

அந்தச் சனிக்கிழமை காலை தீப்பெட்டி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஊரில் பலர் தாங்களும் அந்த வீட்டைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டார்கள். என்னால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அதை எரிக்கப் போனவனே நான்தான்.

1975 ஏப்ரல். லீர்ஹேவன் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அப்போது நான் தலைவன். தலைவன் என்றால் வாரத்தில் ஐந்து நாள் தானியக் கிடங்கில் மூட்டை தூக்குபவன், ஆறாம் நாள் தண்ணீர் வண்டி ஓட்டுபவன். எல்ம் ஓடைக்கு மேலே டெல்மர் ஃபெல்ட்காம்ப்பின் நிலத்தில் ஆளில்லாத பழைய வீடு ஒன்று இருந்தது. பதினைந்து வருடமாக அதில் யாரும் குடியிருக்கவில்லை. அதை இடித்து அள்ளுவதைவிட எரித்துவிட்டால் அந்த இடத்திலும் மக்காச்சோளம் போடலாம் என்று டெல்மர் நினைத்தார். எங்களுக்கும் தீயணைத்துப் பழக ஒரு வீடு கிடைத்தது மாதிரி. இரண்டு பக்கத்துக்கும் லாபம். வைக்கோலை அறை அறையாகப் பரப்பி, குழாய்களை நீட்டி வைத்துவிட்டு, காற்று அடங்கட்டும் என்று காத்திருந்தோம்.

அப்போதுதான் தபால் கார் வந்தது.

ஆல்வினா மெய்ண்டர்ஸ்தான் எங்கள் பகுதித் தபால்காரி. நாற்பத்தொரு வயது. எங்கள் ஊர்க் கார்களில் ஸ்டீயரிங் இடது பக்கம்; அவரோ வலது பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, இடது காலை நீட்டி மிதியை அழுத்தி, இடது கையால் வண்டி ஓட்டி, வலது கையால் சாலையோரப் பெட்டிகளில் கடிதம் போடுவார். ஒரு நாளைக்கு எழுபது மைல் சரளைச் சாலை. யார் வீட்டுக் கூரையில் எந்தப் பலகை பெயர்ந்திருக்கிறது என்பது வீட்டுக்காரருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அன்று காரை வழியிலேயே நிறுத்திவிட்டு நேராக வீட்டுக்குள் போனார். தெற்கு அறை ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டினார்.

"ஹார்லன், இங்க வாப்பா."

"தபால் இருந்தா பெட்டியில போட்டுட்டுக் கிளம்புங்க ஆல்வினா. இன்னும் கொஞ்ச நேரம் அங்க நின்னா புருவம் கருகிடும்."

"இந்த ஜன்னலைப் பாத்தியா?"

"அதுல பாக்க என்ன இருக்கு? கண்ணாடிகூட இல்ல."

"அதோட ஆழத்தைப் பாருன்னு சொல்றேன்."

உள்ளே போய்ப் பார்த்தேன். ஜன்னல் திட்டின் அகலம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. முழங்கையை மடக்கி அதன்மேல் தலை வைத்துத் தூங்கலாம்.

"பழைய வீடு. சுவரு தடிமனாத்தான் இருக்கும்," என்றேன்.

"சமையல்கட்டும் பழசுதானே? அங்க ஜன்னல் ஒரு சாண்கூட இல்லையே. ஏன்?"

வெளியே நின்ற தீயணைப்புப் பையன்கள், "என்ன ஹார்லன், தபால்காரம்மாகிட்ட தீ வைக்க அனுமதிக் கடிதம் வந்துருக்கா?" என்று கத்தினார்கள். ஆல்வினா காதில் வாங்கவில்லை. என் இடுப்பிலிருந்த சின்னக் கோடரியைத் தானே உருவி, சுவரில் ஓங்கி ஒரு போடு போட்டார். சுண்ணாம்பு பெயர்ந்தது. அதற்குப் பின்னால் மெல்லிய மரச் சட்டங்கள். அவற்றையும் பிய்த்தார். உள்ளே கருத்த ஓக் மரம், என் நெஞ்சகலத்துக்கு. கோடரியால் செதுக்கிய தடம் ஒவ்வொன்றும் நேற்று விழுந்ததுபோல் இருந்தது. மூலையை உடைத்துப் பார்த்தோம். கட்டைகளின் முனைகள் கைவிரல்களைக் கோத்த மாதிரி ஒன்றை ஒன்று பூட்டிக்கொண்டிருந்தன. ஓர் ஆணி இல்லை.

அது வீட்டுக்குள் இருந்த வீடு. யாரோ அந்தக் காலத்தில் கட்டிய ஒற்றை அறைக் கட்டை வீட்டைச் சுற்றிப் பின்னால் வந்தவர்கள் அறை சேர்த்து, பலகை அடித்து, வெள்ளை பூசி மூடிவிட்டார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

பையன்களுக்கு ஏமாற்றம். "வைக்கோல் போட்டாச்சு, தண்ணி ரெடி. எரிச்சிட்டு அப்புறம் பேசிக்கலாமே," என்றான் ஒருவன். ஆல்வினா வாசலில் போய் நின்றார். கத்தவில்லை, மிரட்டவில்லை. சாதாரணமாகச் சொன்னார்: "நான் உள்ள இருக்கேன். எரிக்கறதுன்னா எரிங்க."

நான் தீப்பெட்டியை எடுத்துத் தண்ணீர் வண்டியின் இருக்கையில் வைத்தேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

டெல்மர் ஃபெல்ட்காம்ப் வந்து பார்த்தார். அறுபது வயது, பெரிய உடம்பு, பெரிய நிலம், சர்ச்சில் முன் வரிசை. எங்கள் ஊர்ப் பூங்காவில் ஒரு கல் இருக்கிறது. 'இம்மண்ணில் முதல் கூரை போட்டவர் ஐலெர்ட் ஃபெல்ட்காம்ப்' என்று அதில் பொறித்திருக்கும். ஐலெர்ட் டெல்மரின் கொள்ளுத் தாத்தா. கட்டைகளைத் தடவிப் பார்த்ததும் டெல்மரின் முகம் மலர்ந்துவிட்டது.

"இது எங்க ஐலெர்ட் கட்டினது. வேற யாரா இருக்கும்? அடுத்த வருஷம் நாட்டுக்கு இருநூறாவது பிறந்தநாள். ஜூலை நாலாம் தேதிக்குள்ள நெடுஞ்சாலை ஓரத்துல என் இடத்துலயே நிறுத்திடுவோம். ஆனா இங்கேருந்து மே பத்துக்குள்ள எடுத்துடணும். விதைப்பு காத்திருக்காது."

மூன்று வாரம்தான் இருந்தது. வீட்டைக் கழற்றும் வேலையை ஆல்வினா தன் கையில் எடுத்துக்கொண்டார். காலையில் தபால், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வீடு. அவர் கணவர் ரெய்ன்ட் பன்றி வளர்ப்பவர், சிரிக்காமல் கேலி பேசுபவர். அவருடைய பெட்டியிலிருந்து கால்நடைகளின் காதில் மாட்டும் எண் வில்லைகளை ஆல்வினா எடுத்து வந்தார். வடக்குச் சுவருக்கு மஞ்சள், தெற்குக்குச் சிவப்பு, கிழக்குக்கு நீலம், மேற்குக்கு வெள்ளை. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு வில்லையை அடித்து, பள்ளிக்கூட நோட்டில் அதன் இடத்தை வரைந்துகொண்டார்.

"என் பன்னிங்களுக்குக் காது போதாதுன்னு மரத்துக்கும் காது குத்துறாளா?" என்றார் ரெய்ன்ட்.

"உங்க பன்னிங்களைவிட இதுங்க சொன்ன இடத்துல நிக்குது," என்றார் ஆல்வினா.

நாற்பத்தாறு கட்டைகள். மே எட்டாம் தேதி கடைசிக் கட்டையை ஏற்றினோம். டெல்மரின் லாரிகளில் போய் டெல்மரின் இயந்திரக் கொட்டகையில் அடுக்கினோம். ஊர் முழுக்க ஒரே உற்சாகம். ஒரு குழு அமைத்தார்கள். டெல்மர் தலைவர், ஆல்வினா செயலாளர், நான் உறுப்பினர். பெயர்ப்பலகையில் பொறிக்க வேண்டிய ஆண்டைச் சரிபார்க்கும் வேலை ஆல்வினாவுக்கு வந்தது.

எல்லாம் அங்கேதான் திரும்பியது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆல்வினா தபால் முடித்ததும் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்ட, நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போவார். பழைய நிலப் பத்திரங்கள் அங்கே இருந்தன. வெறும் ஆண்டு எண்ணைப் பார்க்கப் போனவர் ஜனவரியில் ஒரு நாள் தானியக் கிடங்குக்கு வந்து, பனிக்காலணியைக்கூடத் தட்டாமல் நேரே என் எதிரே நின்றார்.

"ஐலெர்ட் இங்க எப்ப வந்தாரு ஹார்லன்?"

"கல்லுல போட்டிருக்கே. 1855."

"கப்பல் பட்டியல் கிடைச்சிருக்கு. அவர் நியூ ஆர்லியன்ஸ்ல இறங்கினதே 1856 அக்டோபர்ல. சரி, ஒரு வருஷம் முன்னப்பின்ன போகட்டும். இதைப் படி."

அரசாங்க நில அளவைக்காரர் ஒருவர் 1853 செப்டம்பரில் எங்கள் ஓடையோரத்தை அளந்தபோது எழுதிய குறிப்பேட்டை ஆல்வினா தன் கையால் நகல் எடுத்து வந்திருந்தார். நான்கே வரி. 'ஓடைக்கு மேற்கே மேட்டில் ஓக் கட்டை வீடு ஒன்று. விதவை பர்டம், மூன்று பிள்ளைகள். நான்கு ஏக்கர் உழுதிருக்கிறார். வீட்டுக்கு வடக்கே மெஸ்க்வாக்கி மக்களின் நடைபாதை, நன்றாகத் தேய்ந்தது.' மெஸ்க்வாக்கிகள் இந்த மண்ணின் பூர்வகுடிகள். அளவைச் சங்கிலிக் கணக்கை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், விரல் நேராக நாங்கள் வைக்கோல் பரப்பிய அறையின்மேல் விழுந்தது.

அந்த அம்மாளின் முழுப் பெயரை இன்னொரு பத்திரத்தில் கண்டுபிடித்திருந்தார். ஹன்னா பர்டம். 1858 வசந்தத்தில் நிலத்தை ஐலெர்ட் ஃபெல்ட்காம்ப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் எழுதத் தெரியாமல் சிலுவைக்கோடு போட்ட இடத்தில் அவர் தெளிவாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஒரு பொம்பளை, மூணு புள்ளைங்களோட இந்தப் புல்வெளியில தனியா," என்றார் ஆல்வினா. "சுத்தி இருபது மைலுக்கு ஒரு விளக்கு கிடையாது. இதைப் போய் இன்னொருத்தர் பேர்ல எழுதச் சொல்றியா?"

"நான் எங்க சொன்னேன்? ஆனா டெல்மர் சொல்வாரு."

சொன்னார். பிப்ரவரியில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் குழு கூடியது. ஆல்வினா எழுந்து அந்த நான்கு வரியையும் வாசித்தார்.

டெல்மர் மெதுவாகச் சொன்னார்: "யாரோ வழியோட போன பொம்பளை ரெண்டு வருஷம் குடியிருந்திருக்கலாம். ஊரைக் கட்டினது யாரு? சர்ச்சு கட்டினது யாரு?"

"சர்ச்சைக் கட்டினது உங்க குடும்பம்தான் டெல்மர். அதை யாரு இல்லேன்னா? இந்த வீட்டைக் கட்டினது அவங்க."

"என் நிலத்துல நிறுத்தணும்னா அது ஃபெல்ட்காம்ப் வீடு. இல்லேன்னா என் கொட்டகை எனக்கு வேணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள."

"சரி," என்றார் ஆல்வினா. ஒரே வார்த்தை. நோட்டை மூடிக்கொண்டு கோட்டை மாட்டினார்.

ஞாயிறு வரை காத்திருக்கவில்லை. சனிக்கிழமை உறைபனியில் வைக்கோல் வண்டிகளைப் பூட்டிக்கொண்டு போனோம். வந்தவர்கள் ஐந்தே பேர். எரிக்க அவ்வளவு ஆசைப்பட்ட தீயணைப்புப் பையன்களில் மூன்று பேர் அதில் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். கட்டைகளை வைக்க இடம்? ரெய்ன்ட் தன் புதிய பன்றிக் கொட்டகையின் கதவைத் திறந்துவிட்டார். பன்றிகளைப் பழைய கொட்டகைக்கு ஓட்டிவிட்டிருந்தார். அவை அங்கே நெருக்கிக்கொண்டு கத்தின.

"சொந்தமா ஒரு இடம் கிடைக்கிற வரைக்கும்தான்," என்றார் ஆல்வினா.

"யாருக்கு? மரத்துக்கா, பன்னிக்கா?" என்று கேட்டுவிட்டு முதல் கட்டையின் முனையைத் தோளில் வாங்கினார் ரெய்ன்ட்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நன்றாக இல்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்ட மாட்டார்கள். சாலையில் எதிர்ப்படும்போது ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவோம், அதுதான் வணக்கம். அந்த விரல் ஆல்வினாவுக்கு உயரவில்லை. இருபது வருடமாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளில் திரைச்சீலைகள் இழுபட்டன. ஈஸ்டர் விருந்தில் அவர் சுட்டுக் கொண்டுவந்து வைத்த 'ரூபார்ப் பை' என்ற இனிப்புப் பண்டத்தை ஒருவரும் தொடவில்லை. நீளமான மேசையில் அது மட்டும் வெட்டுப்படாமல் இருந்ததை எல்லாரும் பார்த்தோம். ரெய்ன்ட் எழுந்து போய் மூன்று துண்டு வெட்டி எடுத்து வந்து, முன் வரிசைக்காரர்களைப் பார்த்தபடியே நிதானமாகச் சாப்பிட்டார். நானும் ஒரு துண்டு எடுத்தேன். ஆனால் அவர் எடுத்த பிறகுதான்.

ஒரு நாள் ஆல்வினாவிடம் கேட்டேன், "பேசாம ரெண்டு பேரையும் போட்டுடலாமே? 'ஃபெல்ட்காம்ப்–பர்டம் வீடு'ன்னு. எல்லாருக்கும் நிம்மதி."

அவர் கோபப்படவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார். "அவங்களைத் தெரிஞ்சவங்க இப்ப உலகத்துல யாரும் இல்ல ஹார்லன். அவங்களுக்காகப் பேச ஒரு சொந்தக்காரன்கூட இங்க கிடையாது. டெல்மருக்குக் கல்லு இருக்கு, சர்ச்சு இருக்கு, பேரு இருக்கு. அவங்களுக்கு இந்த நாலு சுவருதான். அதுலயும் பாதியைக் கேக்கறதுக்கு எனக்கு மனசு வரல."

1976 ஜூலை நாலு வந்தது. அணிவகுப்பு, வாணவேடிக்கை, வறுத்த பன்றி இறைச்சி எல்லாம் நடந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் டெல்மர் ஒதுக்கிய இடத்தில் புல் மட்டும் இருந்தது.

அக்டோபரில், அறுவடையின் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, டெல்மரின் கார் மெய்ண்டர்ஸ் வீட்டு முன் வந்து நின்றது. சோளம் உலர்த்தும் இயந்திரத்தைப் பழுது பார்க்க அன்று நான் அங்கே போயிருந்தேன். டெல்மர் தொப்பியைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறுகையில் துணி சுற்றிய ஒரு பொதியோடு வாசலில் நின்றார். எங்கள் பக்கத்தில் யார் வந்தாலும் முதலில் தேநீர்தான். ஆல்வினா கோப்பையில் கற்கண்டைப் போட்டு, அது வெடிக்கும்படி சூடாகத் தேநீரை ஊற்றி, மேலே பாலாடை விட்டு வைத்தார். டெல்மர் எங்கள் வழக்கப்படி மூன்று கோப்பையும் குடித்து முடித்தார்.

பிறகு பொதியைப் பிரித்தார். ஃபெல்ட்காம்ப் குடும்பத்தின் பழைய பைபிள். பிறப்பு இறப்பெல்லாம் முன் பக்கங்களில் ஜெர்மனில் எழுதியிருந்தது. சின்ன வயதில் சர்ச்சில் கற்ற அந்த எழுத்தை எங்களில் டெல்மரால்தான் சரளமாகப் படிக்க முடியும். விரலை வைத்துப் படித்து, எங்களுக்குச் சொன்னார்.

"1857 ஜனவரி பத்தொம்பது. எங்கள் தாள்கே, நாலு வயசு, விதவை பர்டம் வீட்டில் இறந்துபோனாள். டிசம்பரிலிருந்து எங்கள் பதினொரு பேரையும் அந்த அம்மாள் தன் வீட்டில் வைத்திருக்கிறாள். வெளியே பனி கூரைவரை. சவப்பெட்டிக்குப் பலகை இல்லை. அந்த அம்மாள் தன் சாப்பாட்டு மேசையை உடைத்துக் கொடுத்தாள்."

அடுப்பில் கெட்டில் சத்தம் போட்டது. ரெய்ன்ட் எழுந்து அதை இறக்கி வைத்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும் டெல்மர்?" என்று ஆல்வினா கேட்டார்.

டெல்மர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ அந்தக் கூட்டத்துல படிச்சியே, அன்னிக்கி வீட்டுக்குப் போய் எடுத்துப் பாத்தேன். நீ சொன்னது பொய்யின்னு காட்டலாம்னுதான் எடுத்தேன்."

"பிப்ரவரியில."

"ஆமா. பிப்ரவரியில."

எட்டு மாதம். நான் ஆல்வினாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் நிலையில் நானாக இருந்திருந்தால் அந்த எட்டு மாதத்தையும் அந்த மேசையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன். மூடிய திரைகள், உயராத விரல்கள், வெட்டுப்படாத ரூபார்ப் பை எல்லாவற்றையும். ஆல்வினா இன்னொரு கோப்பைத் தேநீர் ஊற்றினார்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன சொன்னீங்க?"

"தாள்கே."

"அவ பேரும் பலகையில வரணும்," என்றார் ஆல்வினா.

டெல்மர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் குலுங்கியது. "நாங்க பதினொரு பேரு," என்றார், ஏதோ அவரே அந்த அறையில் இருந்ததுபோல. "அவங்க கதவைத் திறக்காம இருந்திருந்தா நான் ஏது?"

மறு வாரம் சர்ச்சில் அவர் எழுந்து நின்று அந்தப் பக்கத்தை எல்லாருக்கும் படித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவராகத்தான் செய்தார். அது சுலபமான காரியம் இல்லை.

1977 கோடையில் வீட்டை நிறுத்தினோம், சர்ச்சுக்கு எதிரே ஓடையைப் பார்த்த மேட்டில். நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம், அந்த அம்மாள் லாரிகளைப் பார்த்துக்கொண்டு குடியிருக்கவில்லை என்று ஆல்வினா சொல்லிவிட்டார். இரண்டு கட்டைகள் உளுத்திருந்தன. டெல்மர் தன் தோப்பிலிருந்து இரண்டு ஓக் மரங்களை வெட்டிக் கொடுத்து, செதுக்கவும் உட்கார்ந்தார். கோடரி பிடிக்கத் தெரியாமல் முதல் நாளே கையில் கொப்புளம். "அவங்க இதை நாப்பத்தாறு தடவை செஞ்சிருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை வில்லைகளைப் பார்த்து ஆல்வினா எண்ணைச் சொல்லச் சொல்ல, நாங்கள் தூக்கி வைத்தோம். ஒவ்வொரு முனையும் தன் பள்ளத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தது. ஒன்றே ஒன்று மட்டும் உட்காரவில்லை. அது நான் தலைகீழாகத் தூக்கியது.

பலகையில் ஹன்னா பர்டமின் பெயர் முதலில் வந்தது. அதன்கீழே அந்தக் குளிர்காலமும், பதினொரு பேரும், தாள்கேவும், மேசையும். வீட்டுக்கு வடக்கே மெஸ்க்வாக்கி மக்களின் பாதை ஓடியதும், அவர்கள் அங்கே எல்லாருக்கும் முன்னால் இருந்ததும் கடைசி வரியில். அதைச் சேர்க்கவும் ஆல்வினா சண்டை போட வேண்டியிருந்தது, ஆனால் இந்த முறை டெல்மர் அவர் பக்கம். பூங்காவில் இருந்த கல்லை யாரும் எடுக்கவில்லை. அது இன்னும் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. "நிக்கட்டும். ரெண்டையும் படிச்சுட்டு ஜனங்க கேக்கட்டும்," என்றார் ஆல்வினா.

ஹன்னா பர்டம் 1858-க்குப் பிறகு எங்கே போனார் என்பது மட்டும் தெரியவில்லை. மேற்கே போகும் வண்டிகளோடு சேர்ந்துகொண்டிருக்கலாம். ஆல்வினா ஐந்து மாநிலங்களின் கவுண்டி அலுவலகங்களுக்கு வருடக்கணக்கில் எழுதினார். மற்றவர்களுக்குக் கடிதம் சுமந்தவருக்கு வந்த பதில்களில் ஒன்றிலும் அந்தப் பெயர் இல்லை. அது அவரை விடாமல் உறுத்தியது. "எங்கயாவது இன்னொரு வீட்டைக் கட்டியிருப்பாங்க. அதையும் எவனாவது எரிச்சிருப்பான்," என்று என்னைப் பார்த்துச் சொல்வார். எனக்கு அது தேவைதான்.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. அடுத்த இருபது வருடத்தில் ஓர் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்தையும் ஒரு வட்டக் களஞ்சியத்தையும் காப்பாற்றினார். ரயில் நிலையத்துக்காகப் போராடித் தோற்றார். இடிக்கும் இயந்திரம் வந்த அன்று அதன் முன்னால் போய் நின்றபோது அவருக்கு அறுபத்து மூன்று வயது. கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரீஃப் வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, கையைப் பிடித்து மரியாதையாக அழைத்துப் போனார்.

கடைசிச் சண்டை கட்டை வீட்டின் கூரைக்காக. பழைய கூரை ஒழுகியபோது தகரம் போடலாம், மலிவு, நாள்பட நிற்கும் என்று கவுண்டி வாரியம் முடிவெடுத்தது. ஆல்வினா உடம்புக்கு முடியாமல் கைத்தடியோடு நான்கு கூட்டங்களுக்குப் போனார். மரத்தகடுதான் வேண்டும், மழை பெய்யும்போது உள்ளே ஹன்னா பர்டம் கேட்ட சத்தம்தான் கேட்க வேண்டும், தகரச் சத்தம் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். நான்காம் கூட்டத்தில் வாரியம் இறங்கி வந்தது. அந்தக் கோடையில் வேலை முடியும் முன்பே அவர் போய்விட்டார். வடக்குப் பக்கக் கூரையைத் தீயணைப்புப் படையின் புதிய ஆட்கள் அடித்தார்கள். தெற்குப் பக்கத்துக்கு நான் ஏறினேன். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தேன், ஏறக் கூடாது என்று என் மனைவி திட்டினாள். இரண்டு நாளில் முடித்துவிட்டு இறங்கினேன். மூன்றாம் நாள் நல்ல மழை. உள்ளே போய் நடுவில் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.